நன்றாகக் குலுக்கிவிட்டுப் பருகவும்

என் ஓரகத்தியை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சிரப்புச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அவள் சித்திதான். வேறு மாதிரி கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால், இனிக்க இனிக்கப் பேசுவாள், அதனால் என்று ஒன்று சொல்லும். யாராவது இருமினால் மருந்துக் குப்பியோடு வந்து நிற்பாள், அதனால் என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் இல்லை. பேர் வைத்தது என் கொழுந்தன், அவளைக் கட்டினவன். கல்யாணமான முதல் வாரத்திலேயே வைத்துவிட்டான்.

நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவர்கள் முதல் மாடி, நாங்கள் அதற்கு மேலே. அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அவர்கள் கழுத்தைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம். கொழுந்தன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். அவனுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். சாயங்காலம் ஆனால் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கூடத்து மேசையில் வைத்து, போனில் பாட்டைப் போட்டுவிடுவான். என் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போவார். பின்னாலேயே நானும் போவேன்.

பாட்டு ஆரம்பித்துவிட்டால் என் வீட்டுக்காரர் தன் வயசை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். உடம்பு அங்கேதான் இருக்கும். ஆள் போயிருப்பார். ஒரு பாட்டில் அவர் ஆற்றுப் பாலத்தின் மேல் கையை விட்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார், சட்டை முதுகில் காற்று அடைத்து உப்பியிருக்கும். இன்னொரு பாட்டில் பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டு வைக்கோல் லாரி மேல் மல்லாந்து படுத்திருப்பார். திரும்பி வர நேரமாகும். அதுவரை காபியை நீட்டினாலும் கை வாங்காது.

கொழுந்தனுக்கு ஒரு பாட்டு உண்டு. அது வந்தால் அவன் டைப்ரைட்டிங் வகுப்பு வாசலில் நிற்பான், பதினேழு வயசில்.

"யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்பேன்.

"பொண்ணா? மழைக்கு ஒதுங்கினேன் அண்ணி."

"வருஷம் பூரா மழையா தம்பி?"

"அந்த வருஷம் நல்ல மழை."

எனக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அது கிடக்கட்டும்.

என் ஓரகத்தி மட்டும் வந்து உட்கார மாட்டாள். பாட்டு ஆரம்பித்தால் சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவாள். இல்லாவிட்டால் தையல் மெஷினை மிதிப்பாள். கொழுந்தன் சொல்லுவான், "அவளுக்குக் காது இருக்கு அண்ணி, ஆனா அதுல பாட்டு போற ஓட்டை இல்ல. கல்லு." அவள் உள்ளே இருந்தே, "ஆமா, கல்லுதான். மோதிப் பாருங்க, மண்டை உடையும்" என்பாள். சிரிப்பாகத்தான் போகும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில பேருக்கு மணம் தெரியாது, சில பேருக்கு நிறம் தெரியாது. இவளுக்குப் பாட்டு தெரியாது என்று.

போன மழைக்காலம் முடிந்த சமயம். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அவள் ஒரு சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு காணாமப் போச்சு."

நான் அவள் காதைப் பார்த்தேன். "தோடா?"

"தோடு போனா வாங்கிக்கலாம். ஒரு வரி. பாட்டு வரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஈரத் துணி கொடியில் சொட்டிக்கொண்டிருக்க, அத்தனை வருஷமாய்ச் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

அவள் சின்ன வயசில் இருந்தது ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே. கீழே கடை, மேலே இவர்கள் அறை, நடுவில் பலகைத் தளம். அப்பா இல்லை. அம்மாவும் இவளும் சட்டைகளுக்கு பட்டன் வைத்து, காஜா எடுத்துக் கொடுப்பார்கள். காஜா என்றால் பட்டன் நுழைகிற ஓட்டை. அதன் ஓரத்தை நூலால் நெருக்கி நெருக்கிக் கட்ட வேண்டும், கண் போகிற வேலை. பன்னிரண்டு வயசிலிருந்து இவளும் அதில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ரேடியோ இல்லை. கீழே அத்தனை ரேடியோ இருந்தும் எல்லாம் ரிப்பேர்.

ஆனால் சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன்னால் அந்த ரேடியோக்காரர் ஒரு காரியம் செய்வார். அன்றைக்குச் சரிசெய்த பெட்டியை எடுத்து, ஸ்டேஷன் மாற்றுகிற திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சீராகத் திருப்பிப் பார்ப்பார். எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். எல்லாம் எடுக்கிறதா என்று பார்க்கத்தானே, பாட்டுக் கேட்கவா? ஒரு பாட்டில் நாலு வார்த்தை. ஒரு இரைச்சல். இன்னொரு பாட்டில் மூணு வார்த்தை. யாரோ செய்தி வாசிப்பார்கள், அதில் ஒரு மூச்சு. கடைசியில், அந்த நேரத்துக்குத் தினமும் வருகிற இருமல் மருந்து விளம்பரம். அதையும் ஒரு அம்மா ராகம் போட்டுத்தான் பாடுவாள், "நன்றாகக் குலுக்கிவிட்டுப் பருகவும்" என்று. அதோடு டக்கென்று ஸ்விட்ச் அணையும். ஷட்டர் இறங்கும். ஈயம் காய்ச்சின வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வரும்.

இவளுக்கு அதுதான் பாட்டு. ஒரே பாட்டு. ஒவ்வொரு நாளும் புதுசாய் ஒரு அடி வரும், கடைசியில் அந்தக் குலுக்குகிற வரி திரும்பத் திரும்ப வரும். பல்லவி என்றால் அப்படித்தானே திரும்பத் திரும்ப வரும்? தெருவில், கடையில் முழுப் பாட்டு கேட்டிருக்க மாட்டாளா என்று தோன்றும். கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் ஊராரோட பாட்டு அக்கா. இதுதான் எங்க வீட்டுப் பாட்டு" என்றாள்.

அம்மா அதில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாளாம். வரி எந்த எழுத்தில் அறுகிறதோ, அந்த எழுத்திலேயே பிடித்து அம்மா முடித்துவைப்பாள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவதால் வார்த்தை தட்டையாய் விழும். கீழே ரேடியோ உருகி உருகி, "நீயில்லாத மாலையில் எனக்கு ஏ" என்று அறுந்தால், மேலே அம்மா, "ஏழு பட்டன் குறையுது!" என்பாள். "காத்திருந்தேன் படகுத் துறையில் கை" என்றால், "கைப் பக்கம் காஜா கோணல்!" "சொல்லாமல் போனவனே, ஒரு சொ" என்றால், "சொட்டு எண்ணெய் மெஷினுக்கு விடுடி!" இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரிப்பார்களாம். சத்தம் வந்தால் கீழே ரேடியோக்காரர் விட்டத்தைக் கம்பால் தட்டுவார், அவருக்குப் பெட்டியின் இரைச்சல் கேட்க வேண்டும் அல்லவா? சிரிப்பை அடக்கி அடக்கி இவளுக்கு ஊசி விரலில் ஏறும்.

இவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ கிடையாது. அந்தக் கட்டடத்தை இடித்து இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள்.

"அம்மா முகம் கொஞ்சம் இருக்கு அக்கா. குரல் அந்த வரிகள்ல மட்டும்தான் இருக்கு. சாதாரணமா பேசினது எதுவும் அந்தக் குரல்ல வர மாட்டேங்குது. 'ஏழு பட்டன்'னு நெனச்சா உடனே வருது."

அதுதான் விஷயம். மற்றவர்கள் பாட்டைக் கேட்டு அந்த வயசுக்குப் போனார்கள். இவள் போக வேண்டுமானால் பாட்டு அறுந்தாக வேண்டும்.

இனி கல்யாணமான அந்த முதல் வாரத்தைச் சொல்கிறேன். இவள் புதுப்பெண்ணாக வந்திருக்கிறாள். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். என் மாமனாரின் கடைசித் தங்கை, அவளுக்கு இரண்டு காதும் மந்தம், அவள்தான் பிடிவாதமாக, "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டும்" என்றாள். நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். இவள் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல குரலில், "நீயில்லாத மாலையில் எனக்கு" என்று ஆரம்பித்தாள். அம்மாவின் பட்டனை மனசுக்குள் வைத்துக்கொண்டு, நேராகப் பல்லவிக்குப் போனாள். "நன்றாகக் குலுக்கிவிட்டுப் பருகவும்." அத்தனை உருக்கமாக.

கூடம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. புதுமாப்பிள்ளையாகிய என் கொழுந்தன்தான் முதலில் விழுந்தவன். "இருமல் சிரப்பைப் பாடுறாடா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். காது கேட்காத அத்தை ஒருத்திதான், "அருமையாப் பாடினேம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த பேர் சிரப்பு. அன்றைக்கு மூடின வாய் பாட்டுக்கென்று அப்புறம் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமலே பாடிக்கொண்டிருந்தாளாம். காலர் தைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது, உள்ளுக்குள்ளேயே. இப்போது வயசாகிவிட்டது. ஒரு வரியின் முன்பாதி கழன்றுவிட்டது.

"பின்பாதி இருக்கு அக்கா. 'முழங்கை கிழிஞ்ச சட்டை'. அம்மா சொன்னது. ஆனா ரேடியோ என்ன பாடிச்சுன்னு போச்சு. முன்னாடி அது இல்லாம, இந்த வரி வெறும் வரியா நிக்குது. குரல் வர மாட்டேங்குது. இன்னொண்ணும் ஆடிக்கிட்டு இருக்கு. பல்லு மாதிரி. எது எப்ப விழும்னு தெரியல."

"மு-வுல அறுந்த பாட்டு. அவ்வளவுதானே?" என்றேன். "வீட்டுலயே ஒருத்தன் இருக்கானே, எந்தப் பழைய பாட்டுன்னாலும் ரெண்டு வார்த்தையில சொல்லுவான்."

அவள் சட்டையை உதறின உதறலில் என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. "அவர்கிட்டயா? எதுக்கு, இன்னொரு பேர் வைக்கவா?"

நான் அடுத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். அவள் பொருள், அவள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

அப்புறம் சில நாள் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பாட்டு ஆரம்பித்தால் குழாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஒவ்வொரு பாட்டிலும் தன் வரியைத் தேடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். முழுப் பாட்டு ஓடும்போது எப்படித் தெரியும்? கொத்தாய்க் கிடக்கிற நூலில் ஒரு துண்டைத் தேடுகிற மாதிரிதான்.

ஒருநாள் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஒரு பாட்டு கண்டுபிடிக்கணும்."

கொழுந்தன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தான். "யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கா! சொல்லு, எப்படி ஆரம்பிக்கும்?"

"ஆரம்பம் தெரியாது."

"சரி, முடிவு?"

"முழங்கை கிழிஞ்ச சட்டை."

என் வீட்டுக்காரர் வாயிலிருந்த பல்செட்டு ஒருதரம் நகர்ந்து உட்கார்ந்தது. கொழுந்தனின் மீசை துடித்தது. நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

அவளே சொன்னாள். "சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. நான் நிக்கிறேன். அப்புறம் சொல்றேன்."

அவன் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்தான். "சொல்லும்மா" என்றான்.

பலகைத் தளத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பாடத் தொடங்கிவிட்டாள். எப்போது பேச்சு நின்றது, எப்போது பாட்டு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அன்றைக்கு அடுக்களையில் நான் கேட்ட அதே குரல். ஒரு பாட்டில் நாலு வார்த்தை, ஷ்ஷ் என்று இரைச்சல், இன்னொரு பாட்டில் மூணு வார்த்தை. அந்த மூணு வார்த்தைக்குள் என் வீட்டுக்காரர் பாலத்தின் மேல் ஏறிவிட்டார். கால் தாளம் போட்டது. வரி அறுந்ததும் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. அடுத்த வரியில் டைப்ரைட்டிங் வகுப்பு வாசல் வந்தது, மழையோடு. கொழுந்தன் நிமிர்ந்து உட்காருவதற்குள் அதுவும் போய்விட்டது. அப்புறம் வந்தது என்னுடையது. இரண்டே வார்த்தை. யாரோ விளக்கைப் போட்டு அணைத்த மாதிரி இருந்தது எனக்கு. எங்கள் எல்லாருடைய பதினாறு பதினேழு வயசையும் ஒரு ஆள் திருகைத் திருப்பிக்கொண்டே கடந்து போன மாதிரி, எதற்கும் நிற்காமல்.

ஒவ்வொரு அறுந்த வரிக்கும் அம்மாவின் பதிலையும் சொன்னாள். ஏழு பட்டன். கோணல் காஜா. சொட்டு எண்ணெய். கடைசியில் பல்லவிக்கு வந்தாள். வந்ததும் தயங்கினாள். வாய் திறந்தபடி நின்றாள்.

கொழுந்தன்தான், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக அந்த ராகத்திலேயே, "நன்றாகக் குலுக்கிவிட்டுப் பருகவும்" என்றான்.

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் புறப்படுவதற்கு முன்னால் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறவன் மாதிரி காரியத்தில் இறங்கினான்.

"மு. அடுத்த எழுத்து தெரியாது. ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"பொம்பளை. பின்னாடி விசில் மாதிரி ஒண்ணு வரும்."

"பாட்டு விசிலா, ரேடியோ விசிலா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ரெண்டும் சேர்ந்துதானே மேல வரும்!"

"முத்தம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு வேற எழுத்தே ஓடாதா?" என்றேன்.

"மு-ன்னாங்க, சொன்னேன்."

கொழுந்தன் போனில் முகில் என்று வருகிற பாட்டு ஒன்றைப் போட்டான். இல்லை என்று தலையாட்டினாள். முல்லை, முள், முதல் நாள், முந்தானை. ஒவ்வொன்றையும் அந்த இடம் வரைக்கும் ஓடவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. போன் வெளிச்சம் மட்டும் அவன் மோவாயில் விழுந்து கிடந்தது. நான் கண் அசந்திருப்பேன் போலிருக்கிறது. ஒரு பாட்டுக்குள்ளிருந்து இன்னொரு பாட்டுக்கு யாரோ என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு விசில் கேட்டது. புல்லாங்குழல்தான், ஆனால் பழசாகி விசில் மாதிரி கேட்டது. ஒரு பெண் குரல், "தூறல் வந்து கதவைத் தட்டி நின்றதடி, மு"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு அதன்பாட்டுக்கு, "முகம் துடைக்க நீயில்லையே" என்று போனது.

"நிறுத்துங்க!"

அவன் பதறி நிறுத்தினான். "இதுவும் இல்லையா?"

"இதுதான். இதேதான். ஆனா அவ முகம் துடைக்கக் கூடாது. மு-வுல நிறுத்தணும்."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். விரல் முந்திக்கொண்டது. "நின்றதடி"யிலேயே அறுந்துவிட்டது. அடுத்த முறை "முகம்" வந்துவிட்டது. "ஒரு வாத்து குறுக்க வந்தா பிரேக் போடத் தெரியுதுல்ல, இதுக்குத் தெரியலையா?" என்றாள். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவன் பெருவிரலை போனுக்கு மேல் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை போட்டான்.

"தூறல் வந்து கதவைத் தட்டி நின்றதடி, மு"

"முழங்கை கிழிஞ்ச சட்டை!"

அது அவள் குரல் இல்லை. தட்டையாய், பல்லிடுக்கில் நூலைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஒருத்தியின் குரல். நான் கண்டிராத ஒரு பொம்பளை அந்தக் கூடத்தில் ஒரு நொடி உட்கார்ந்திருந்தாள், மடியில் சட்டையை வைத்துக்கொண்டு. எங்கள் இவள், நரைத்த தலையும் வீங்கின முழங்காலுமாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சத்தமே வரவில்லை. கீழே யாரோ விட்டத்தைத் தட்டிவிடுவார்கள் என்கிற மாதிரி.

கொழுந்தன் கேட்டான், "நான் சிரிக்கலாமா?"

"சிரிக்கத்தானே சொன்னது! எங்கம்மா வேற எதுக்குச் சொன்னாங்களாம்?"

அவன் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார், பல்செட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்கினதும் கொழுந்தன், "அன்னைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றான்.

"தெரிஞ்சிருந்தா சிரிச்சிருக்க மாட்டீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு. "சிரிச்சிருப்பேன். ஆனா உன்கூடச் சேர்ந்து சிரிச்சிருப்பேன்."

அவள் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு ஆடிக்கிட்டு இருக்குன்னு அக்காகிட்ட சொன்னேனே. 'கத்தரிக்கோலை எங்கடி வெச்ச'ன்னு முடியும். முன்னாடி என்னன்னு பாதிதான் இருக்கு. அதையும் பார்த்துடுங்க."

"அப்போ க."

"க."

"கண்ணு, கனவு, கன்னம், கடல்." அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "தமிழ்ப் பாட்டுல பாதி க-வுலதானேம்மா இருக்கு!"

"எனக்கென்ன அவசரம்? போடுங்க" என்றாள்.

மேலே அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போக மனசு வரவில்லை. அவன் கண் என்று ஆரம்பித்தான்.